க்விஸ் என்ற சொல்லும் ஒரு வான்கோழியும்

வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் நான் சொன்னதை நாலு பேர் கேட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரை முதல் ஒன்பதரை வரை. மற்ற நேரங்களில் எங்கள் வீட்டு நாய்கூட என் பேச்சை மதித்ததில்லை. அதற்கும் என் மனைவி பெரில் சொன்னால்தான் காது கேட்கும்.

என் பெயர் டெஸ்மண்ட் ஹார்க்கர். ஸ்லாத்வெல் ஊரில் 'மூன்று வாத்து' பப்பில் இருபத்து மூன்று வருஷம் க்விஸ் நடத்தினேன். அது பிழைப்பு அல்ல. பிழைப்புக்குத் தண்ணீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் படித்தேன். மீட்டர் படிக்கிறவன் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஏனென்றால் அவன் எப்போதும் குனிந்தே இருப்பான். நடைபாதையில் உள்ள சின்ன மூடியைத் தூக்கி, மண்டி போட்டு, சிலந்தியை ஊதித் தள்ளி, கண்ணாடியைத் துடைத்து, கருப்பு எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். கருப்புக்குப் பக்கத்தில் சிவப்பிலும் சில எண்கள் ஓடும். அது சில்லறைத் தண்ணீர், எழுத வேண்டியதில்லை. இந்த வேலைக்கு மூளை வேண்டாம், முழங்கால் போதும்.

ஆனால் வியாழக்கிழமை கையில் மைக் வந்துவிட்டால் நான் வேறு ஆள். பச்சை வெல்வெட் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி வில் டை. எட்டு மேஜை, மேஜைக்கு நாலு பேர், எல்லார் கையிலும் பென்சில். நான் கேள்வி கேட்பேன், அவர்கள் எழுதுவார்கள். கடைசியில் ஒரு மேஜையின் தாளை அடுத்த மேஜை திருத்தும், நான் விடையை வாசிப்பேன். பெருவின் தலைநகரம் எது, திமிங்கலத்துக்கு எத்தனை இதயம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன். விடைத்தாள் என் கையில் இருந்தது என்பதை இரண்டு தரப்பும் வசதியாக மறந்துவிட்டோம்.

பப் சுவரில் என் கையெழுத்தில் மூன்று விதிகள் தொங்கின. ஒன்று, க்விஸ் நடத்துபவரின் தீர்ப்பே முடிவு. இரண்டு, நடத்துபவரின் குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது. மூன்று, முதல் விதியைப் படிக்கவும்.

இரண்டாவது விதியைப் படித்த அன்றைக்கு பெரில் கேட்டாள்.

“உன் குடும்பம்னா நான் ஒருத்திதானே, டெஸ்? எனக்குன்னே ஒரு விதியா?”

“நாலு பேர் பேசக் கூடாதில்ல? நான் முன்னாடியே விடைய சொல்லிக் குடுத்துட்டேன்னு.”

“நீ எனக்கு சொல்லிக் குடுக்கறதா?” என்று கேட்டுவிட்டு அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். பெரில் ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். நாற்பது வருஷம் ஊர்ப் பெண்களின் தலையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்டவளுக்குத் தெரியாத விஷயம் குறைவு. அவள் ஜெயித்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அந்த விதியை எழுதினேன். இதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பல வருஷம் கழித்து அவள் வியாழக்கிழமைகளில் சர்ச் பாட்டுக் குழுவுக்குப் போக ஆரம்பித்தாள். நல்லது, அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வில்ஃப் ஆக்டன். என் சிநேகிதன். ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் என் தொப்பியைப் பிடுங்கிக் கால்வாயில் போட்டவன், பிறகு அவனே இறங்கி எடுத்துக் கொடுத்தவன். பஸ் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைத் திருப்புவதற்கு முன் எட்டு நிமிஷ ஓய்வு உண்டு. மற்ற டிரைவர்கள் சிகரெட் பிடிப்பார்கள். வில்ஃப் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய அகராதியை எடுத்து ஒரு பக்கம் படிப்பான். முதல் எழுத்திலிருந்து வரிசையாக. நடுவில் வேறு புத்தகம் கிடையாது. 'எம்' எழுத்தை முடித்த அன்று எங்கள் எல்லாருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தான்.

என் க்விஸில் அவனுக்கும் ஓர் அணி இருந்தது. அவன், அவன் மனைவி ஈனிட், டிப்போவிலிருந்து இரண்டு பேர். அணிக்குப் பெயர் 'கடைசி பஸ்'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை வருஷாந்திரப் போட்டி நடக்கும். பரிசு ஒரு வான்கோழி. அந்த வருஷம் கடைசிக் கேள்வி வரை கடைசி பஸ்ஸும் மருந்துக் கடைக்காரர்கள் அணியும் சமமாக இருந்தன. ஈனிட் அந்த வான்கோழியை நம்பி அக்கா வீட்டார் ஒன்பது பேரை விருந்துக்கு அழைத்திருந்தாள். அப்படி அழைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கடைசி பஸ் அணி அந்த வருஷம் அவ்வளவு நன்றாக ஆடிக்கொண்டிருந்தது.

கடைசிக் கேள்வியை நான் ரொம்ப ரசித்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். மைக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “க்விஸ், க்விஸ்னு வாராவாரம் கூடுறோமே, அந்தச் சொல் எங்கேருந்து வந்தது?”

என் கையில் இருந்த புத்தகத்தில் விடை இருந்தது. டப்ளின் நகரத்தில் நாடகக் கொட்டகை வைத்திருந்த ஒருவர் பந்தயம் கட்டினாராம். அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை ஒரே நாளில் ஊர் முழுக்கப் பேச வைக்கிறேன் என்றாராம். ராத்திரியோடு ராத்திரியாக ஆள் விட்டுச் சுவரெல்லாம் 'க்விஸ்' என்று சாக்கட்டியால் எழுத வைத்தாராம். விடிந்ததும் ஊரே இது என்ன, இது என்ன என்று கேட்டதாம். பந்தயம் ஜெயித்ததாம், சொல் பிறந்ததாம். எவ்வளவு அழகான கதை. இத்தனை அழகாக இருக்கிறதே, உண்மையாக இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மருந்துக் கடைக்காரர்கள் அந்தக் கதையை எழுதியிருந்தார்கள். கடைசி பஸ் தாளில் இரண்டே சொல். “யாருக்கும் தெரியாது.”

நான் தப்பு என்றேன். வில்ஃப் எழுந்தான்.

“டெஸ், அந்தக் கதை யாரோ கட்டிவிட்டதுடா. அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துதுன்னு யாருக்குமே தெரியாது. நான் படிச்சேன். போன மாசம்தான் அந்தப் பக்கத்துக்கு வந்தேன்.”

“யாருக்கும் தெரியாதுன்னா என்ன அர்த்தம்? வில்ஃபுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்!” என்றேன் மைக்கில். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்துவிட்டால் நான் நிறுத்த மாட்டேன். “பஸ் ஓட்டுறவன் பஸ்ஸை ஓட்டட்டும்பா. அறிவு விஷயத்தை இங்க விட்டுடு.”

அதற்கும் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக.

வில்ஃப் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. மீட்டர் படிக்கிற பயல் இதைச் சொல்கிறானே என்று ஆச்சரியப்பட்டவன் மாதிரி பார்த்தான். பிறகு பியர் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டான். கிளாஸ் பாதி நிறைந்திருந்தது. எங்கள் ஊரில் பாதி பியரை வைத்துவிட்டு ஒரு மனிதன் எழுந்து போனால் அது சாதாரண விஷயம் இல்லை. ஈனிட் பின்னாலேயே போனாள். வான்கோழி மருந்துக் கடைக்குப் போயிற்று. ஈனிட்டின் அக்கா வீட்டார் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மீன் சாப்பிட்டதாகக் கேள்வி.

நான்காம் நாள், திங்கட்கிழமை, நூலகத்துக்குப் போனேன். உண்மை தேடி அல்ல. வில்ஃபின் மூஞ்சியில் வீசுவதற்கு ஓர் ஆதாரம் தேடி. வாசிப்பு அறையில் இருபது பாகமாக இருக்குமே, அந்தப் பெரிய அகராதி, அதில் அந்தச் சொல்லை எடுத்தேன்.

அந்தச் சொல்லுக்கு இத்தனை வாழ்க்கை இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் அது கேள்வி பதிலே இல்லை. ஓர் ஆள். பார்க்கிறவர்கள் சிரிக்கும்படி உடுத்திக்கொண்டு, தன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொண்டு திரிகிற விசித்திரமான ஆள். பிறகு அப்படிப்பட்டவனைக் கேலி செய்வதற்கு அந்தப் பெயர். நடுவில் கொஞ்ச காலம் நூலில் மேலும் கீழும் ஓடும் ஒரு விளையாட்டுச் சாமானுக்கு. அப்புறம் ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒருவரை முறைத்துப் பார்ப்பதற்கு. எல்லாம் முடிந்து ரொம்பப் பிற்பாடுதான் பரீட்சை, கேள்வி, பப், நான். டப்ளின் கதை வெறும் கதை. பந்தயம் நடந்ததாகச் சொல்கிற வருஷத்துக்கு முன்னாலேயே அந்தச் சொல்லை ஜனங்கள் எழுதியிருக்கிறார்கள். பிறப்பிடம்: தெரியவில்லை.

தெரியவில்லை. இருபது பாகம் எழுதினவர்கள் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் வாயில் வரவில்லை.

அந்தப் பக்கத்தை நகல் எடுத்தேன். நூலக இயந்திரம் தாளின் அடியில் தேதியை அச்சடித்துக் கொடுத்தது. நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தேன். வியாழக்கிழமை மைக்கில் சொல்லிவிடுவது என்று தீர்மானம். வியாழக்கிழமை வில்ஃப் வரவில்லை. வராத ஆளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது, அடுத்த வாரம் வரட்டும் என்று விட்டேன். அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம், இவ்வளவு ரோஷமா இவனுக்கு என்று எனக்கே கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது சுலபத்தில் ஆறாது. இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

பதினோரு வருஷமும் நான் செய்த வீர காரியங்களைக் கேளுங்கள். இறைச்சிக் கடை வரிசையில் வில்ஃப் நின்றால், நான் எதிர்க்கடையில் நுழைந்து ஏதாவது வாங்குவேன். எதிர்க்கடை தையல் சாமான் கடை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு டப்பா நிறைய பட்டன் இருக்கிறது. அவன் ஓட்டுகிற பஸ் வந்தால் நான் ஏற மாட்டேன், இரண்டு மைல் நடப்பேன். ஒரு நாள் நல்ல மழை. நிறுத்தத்தில் நான் மட்டும்தான். அவன் பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. நான் கம்பத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் உட்பட எல்லாவற்றையும் படித்தேன். கதவு மூடவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம்கூட இருக்கலாம். உள்ளே யாரோ “என்னப்பா, கிளம்பலாமா?” என்று கேட்ட பிறகுதான் மூடியது. நான் முழங்கால் வரை நனைந்து வீட்டுக்கு வந்தேன்.

“பஸ் வரலையா?” என்று கேட்டாள் பெரில்.

“வரலை.”

“ஓஹோ” என்று சொல்லிவிட்டு அவள் துண்டை என் தலையில் போட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. ஈனிட் முடி வெட்டிக்கொள்ள வேறு எங்கே போவாள்?

சொன்னால் வெட்கம், இருந்தாலும் சொல்கிறேன். வில்ஃப் இல்லாமல் எனக்கு முடியவில்லை. ஒவ்வொரு வியாழனும் கேள்வி எழுதும்போது, இது வில்ஃபுக்குத் தெரிந்திருக்கும், இதில் அவன் மாட்டிக்கொள்வான் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். அவன் இல்லாத அறையில் அவனுக்காகவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோராவது வருஷம், அதே கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை. வெல்வெட் கோட்டும் வில் டையுமாக ஏழு மணிக்குப் பப்புக்குப் போனால் வாசலில் லோர்னா துடைப்பத்தோடு நிற்கிறாள். பப்பை நடத்துகிறவள் அவள்தான். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். சுவரில் தொங்கிய என் மூன்று விதிகளும் எழுத்து கலைந்து நீலமாக வழிந்துகொண்டிருந்தன.

“இன்னிக்கு க்விஸ் கிடையாது கண்ணு. பனிக்குக் குழாய் வெடிச்சிருச்சு.”

“துணி சுத்தி வெச்சிருந்ததே?”

“நீதானே சுத்தினே? தண்ணி வாரியத்துல முப்பத்தோரு வருஷம்னு சொல்லி?”

“நான்தான்.”

“அதான் கேட்டேன்” என்றாள் லோர்னா. “வீட்டுக்குப் போ கண்ணு. வேற எதையும் தொடாதே.”

வீட்டில் பெரில் இருக்க மாட்டாள், பாட்டுக் குழு. சரி, சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம் என்று நடந்தேன். சர்ச் இருட்டாக இருந்தது. கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளில், பாட்டுப் பயிற்சி செவ்வாய்க்கிழமை தோறும் என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை என்ற பேச்சே இல்லை. பதினோரு வருஷத்தில் அவள் வீட்டில் ஒரு வரி முணுமுணுத்தது கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுபது வயதில் மனைவிக்கு ரகசியம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள், அதுவும் பச்சை வெல்வெட் கோட்டில்.

தெருவுக்கு எதிர்ப் பக்கம் தொழிலாளர் கிளப்பில் விளக்கு எரிந்தது. பெரிய கூட்டம் மாதிரி சத்தம். வாசலில் குடை நிறுத்தும் சட்டியில் பெரிலின் மஞ்சள் குடை.

மெல்லக் கதவைத் தள்ளி உள்ளே போய்ப் பின்னால் கோட்டுகள் தொங்குகிற இடத்தில் நின்றேன். பதினைந்து மேஜையாவது இருக்கும். என்னிடம் அதிகபட்சம் எட்டுதான். மேடையில் கையில் மைக்கோடு, சாதாரண ஸ்வெட்டரில், வில்ஃப் ஆக்டன். நான் வரும் நேரத்துக்கென்றே காத்திருந்தவன் மாதிரி அவன் சொன்னான்:

“வழக்கம்போல முதல் கேள்வி. கிறிஸ்துமஸ் கேள்வி. எழுத வேண்டாம், வாயாலேயே சொல்லலாம். க்விஸ்ங்கற சொல்லு எங்கேருந்து வந்தது?”

மொத்தக் கிளப்பும் ஒரே குரலில் கத்தியது.

“யாருக்கும் தெரியாது!”

மேஜையைத் தட்டினார்கள், கிளாஸை உயர்த்தினார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. ஸ்லாத்வெல் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம், 'மூன்று வாத்து' பப்பில் மைக் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அத்தனை சத்தத்திலும் எனக்குத் தனியாகக் கேட்ட குரல் ஒன்று உண்டு. முன் மேஜையில், ஈனிட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, என் பெரில்.

யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் திரும்பினார்கள். அந்த வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் ஒளிந்து நிற்க முடியாது.

“டெஸ்மண்ட்” என்றாள் பெரில். முழுப் பெயர். ஆனால் கோபம் இல்லை, மாட்டிக்கொண்டவள் குரல். “இங்க என்ன பண்றே?”

“நீ பாட்டுக் குழுன்னு சொன்னே.”

“எங்க டீம் பேரு பாட்டுக் குழுதான்” என்றாள் ஈனிட். “நாலு வருஷமா நாங்கதான் சாம்பியன்.”

சிரிப்பு எழுந்தது, ஆனால் மேடையைப் பார்த்து அடங்கிவிட்டது. வில்ஃப் மைக்கை இறக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் பேசினான், அதையும் மைக்கில் பேசினான்.

“விருந்தாளி வந்திருக்காரு. அவரையும் கேட்டுருவோம். நீ என்ன சொல்றே, டெஸ்?”

“யாருக்கும் தெரியாது” என்று சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் கை தட்டியிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். இன்றைக்குத்தான் புரிந்தது என்று நடித்திருக்கலாம். அப்படிச் செய்யத்தான் வாயைத் திறந்தேன், நிஜமாகவே. ஆனால் அந்த மழை நாளில் திறந்தபடியே நின்ற பஸ் கதவு ஞாபகம் வந்து தொலைத்தது. நான் நடந்து போய்ப் பர்ஸை எடுத்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த அந்த நகலை வில்ஃபிடம் கொடுத்தேன்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். அடியில் இருந்த தேதியைப் பார்த்தான். மைக்கை இறக்கிக் கீழே பிடித்துக்கொண்டான்.

“இது அந்த வருஷத்துத் தேதி.”

“ஆமா.”

“வியாழக்கிழமை நான் எழுந்து போனேன். இது திங்கட்கிழமை.”

“ஆமா.”

“நாலு நாள்ல உனக்குத் தெரிஞ்சிருச்சு.”

“தெரிஞ்சிருச்சு, வில்ஃப். நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. பஸ்ஸைப் பத்திச் சொன்னது அதைவிடத் தப்பு. எனக்கு அப்பவே தெரியும், வாய்தான் வரலை.”

அவன் அந்தத் தாளை ரொம்ப கவனமாகப் பழைய மடிப்பிலேயே மடித்தான். என்னிடம் திருப்பித் தரவில்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே போடா என்று சொல்வான் என்று நினைத்தேன். சொன்னால் போக வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

“பதினோரு வருஷம் லேட்டா வந்த விடைக்கு மார்க் கிடையாது” என்றான் மைக்கில். “உக்காரு. ரெண்டாவது கேள்வி.”

எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். பெரில் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஆனால் வில்ஃப் தலையை ஆட்டினான். “பாட்டுக் குழுவுல நாலு பேர் ஏற்கெனவே இருக்காங்க. அவன் தனியா ஆடட்டும்.” யாரோ பின்னால் ஒரு சின்ன மேஜையும் ஒரு பென்சிலும் கொண்டுவந்து வைத்தார்கள்.

இப்படித்தான் இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கையில் விடைத்தாள் இல்லாத டெஸ்மண்ட் ஹார்க்கரின் அறிவு எவ்வளவு என்பது அரை மணி நேரத்தில் வெளிச்சமாகிவிட்டது. இரண்டாவது கேள்வி தெரியவில்லை. மூன்றாவது தெரிந்த மாதிரி இருந்தது, தப்பு. நான்காவதுக்கு நான் எழுதியது ஓர் ஆற்றின் பெயர், கேட்டது மலை. திமிங்கலத்தின் இதயமே வந்தது. எத்தனை என்று நானே பல தடவை மைக்கில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இல்லை. முன் மேஜையில் பெரில் கேள்வி முடியும் முன்பே எழுதிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

பத்தொன்பது கேள்வி ஆயிற்று. வில்ஃப் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அதைக் கவிழ்த்துக் கீழே வைத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, தாளைப் பார்க்காமலே கேட்டான்:

“கடைசிக் கேள்வி. தண்ணி மீட்டர்ல ரெண்டு நிறத்துல நம்பர் ஓடும். மீட்டர் படிக்கிறவர் எந்த நிறத்தை எழுதிக்காம விட்டுடுவார்?”

அது அவன் தாளில் இல்லாத கேள்வி. அந்தக் கிளப்பில் எனக்காக மட்டும் கேட்ட கேள்வி. அத்தனை பேர் முன்னால், பெரிதாக ஒன்றும் சொல்லாமல், கதவைத் திறந்து நிறுத்தியிருக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எழுபது வயதில், வில் டையோடு. முன்னால் இருந்த தாள் கலங்கித் தெரிந்தது. பென்சிலை எடுத்தேன். முப்பத்தோரு வருஷம் பழகிய கை, என்னைக் கேட்காமலே எழுதிவிட்டது. தாளைக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து மேஜைக்காரி ஜெரால்டின் என் தாளைத் திருத்தினாள். பதினெட்டில் மூன்று சரி. கடைசி விடைக்கு வந்ததும் அவள் தயங்கினாள்.

“வில்ஃப், ஹார்க்கர் கருப்புன்னு எழுதியிருக்காரு.”

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுதாமல் விடுவது சிவப்பு. எழுதுவது கருப்பு. உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான், அதையும் தப்பாக எழுதியிருந்தேன். பின்னால் யாரோ குபீர் என்று சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரர், அதே ஆள்.

வில்ஃப் மேடையிலிருந்து இறங்கி வந்தான். என் தாளை வாங்கிப் பார்த்தான்.

“கருப்பு” என்றான். “சரி. ஒரு மார்க் போடு.”

“அது எப்படி?” என்று மருந்துக் கடைக்காரர் எழுந்தார். “நாங்க சிவப்புன்னு எழுதியிருக்கோம்!”

“உங்களுக்கும் ஒரு மார்க்.”

“ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?”

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். “வேண்டாம் வில்ஃப். அவர் சொல்றதுதான் சரி. சிவப்புதான். நான் தப்பா எழுதிட்டேன்.”

வில்ஃப் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினான். ஐந்து வயதில் கால்வாயிலிருந்து எடுத்த தொப்பியை என் தலையில் வைத்து அழுத்தினானே, அதே அழுத்தம்.

“உக்காருடா” என்றான். “நடத்துறவன் தீர்ப்பே முடிவு.”